பல் கிளினிக்கின் வரவு செலவு

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கல்வியாண்டில் நாடு முழுக்க ஏறத்தாழ 7,000 பி.டி.எஸ். (பல் மருத்துவப் பட்டப்படிப்பு) இடங்கள் காலியாகக் கிடந்தன. நீட் தகுதி அளவைக் கொஞ்சம் இறக்கினால் நாங்கள் சேர்ந்துவிடுவோம் என்றார்கள் மாணவர்கள். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலும் இறக்கலாம் என்றே பரிந்துரைத்திருந்தது. மத்திய அரசு மட்டும் முடியாது என்றது. அது சொன்ன காரணங்களில் ஒன்று, நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது. சுமார் 6,000 பேருக்கு ஒருவர் இருக்கிறார், 7,500 பேருக்கு ஒருவர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட இது மேல் என்று கணக்குக் காட்டியது. நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. தகுதிப் பெர்சென்டைலைப் பத்து குறைக்கச் சொன்னது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கட்டும் என்றும் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. காலியாக இருந்த 7,000இல் அரசுக் கல்லூரி இடங்கள் முந்நூறுகூட இல்லை.

அரசு காட்டிய விகிதம் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணி வந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில் 35 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் நால்வருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பழைய கணக்குதான். ஆனால் அதற்குப் பிறகு நாம் தின்னும் சர்க்கரை குறைந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆக, பதிவேட்டின்படி மருத்துவர் போதுமான அளவு இருக்கிறார். நோய் வேண்டிய மட்டும் இருக்கிறது. அப்படியிருந்தும் கல்லூரியில் இடம் காலி. கிளினிக்கில் நாற்காலி பாதி நேரம் காலி. படித்து முடித்த பிள்ளை பத்து, பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு வேலை தேடி அலைகிறது. இதெல்லாம் ஒரே ஊரில் ஒரே காலத்தில் எப்படி நடக்க முடியும்?

கிளினிக் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ‘தெருவுக்கு நாலு பல் டாக்டர், பின்னே எப்படி?’ இது பாதி உண்மை. நகரத் தெருவுக்கு மட்டும் பொருந்துகிற உண்மை. எனக்குத் தோன்றுகிற வரையில் முடிச்சு ஆள் எண்ணிக்கையில் இல்லை. பல்லுக்கான செலவை யார், எந்தக் கட்டத்தில் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தனியார் பல் கிளினிக் கடந்த இருபது ஆண்டுகளில் மாறியிருக்கும் விதம், அதில் வேலை பார்ப்பவர்கள் யார் யார் என்பதுகூட, பெரும்பாலும் அதன் விளைவுதான்.

கல்லூரிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் அரசு தொடங்கிய முதல் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் சென்னையில் வந்தது. அடுத்ததாகப் புதுக்கோட்டையில் ஒன்றை அரசு தொடங்கியது 2023இல். நடுவில் சிதம்பரம் ராஜா முத்தையா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அரசின் கைக்கு வந்தது. இந்த எழுபது ஆண்டு இடைவெளியை நிரப்பியவை தனியார் கல்லூரிகள். 1993இல் பல் மருத்துவர் சட்டத்தைத் திருத்தி, புதுக் கல்லூரிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றார்கள்; அனுமதி தாராளமாகவே கிடைத்தது. இன்று நாட்டில் 300க்கு மேல் கல்லூரிகள், 27,000க்கு மேல் இடங்கள். இதற்கிடையே எம்.பி.பி.எஸ். இடங்கள் 2014இல் இருந்த ஐம்பத்தோராயிரத்திலிருந்து பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின. டாக்டர் கோட்டு எப்படியாவது வேண்டும் என்று பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கு வேறு கதவு திறந்துவிட்டது.

இனிக் கிளினிக்குக்குள் போவோம். எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தரக் கிளினிக்; ரூட் கெனாலுக்கு 4,000, ஜிர்கோனியா கேப்புக்கு 5,000, ஆக 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக் டாக்டர் பி.டி.எஸ். என்றால், கடைவாய்ப் பல்லின் வேர்களை அவரே செய்வதும் உண்டு, வேர் சிகிச்சை நிபுணரான எண்டோடான்டிஸ்டை வரவழைப்பதும் உண்டு. வரவழைத்தால் ரூட் கெனால் தொகையில் ஏறத்தாழப் பாதி, 2,000 ரூபாய், அவருக்குப் போகும். கேப் செய்யும் லேபுக்கு இன்னொரு 2,000. மரத்துப்போக ஊசி, வேரைக் கழுவும் ஹைப்போ, அடைக்கும் கட்டாபெர்ச்சா, சீலர், கையுறை, எக்ஸ்ரே, எல்லாம் சேர்த்து 600. மிச்சம் 4,400. இதற்காக அந்தப் பல் நாற்காலியில் இருந்த நேரம் மூன்று சிட்டிங். ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. கடை வாடகை, கரண்ட் பில், உதவிக்கு நிற்கும் பெண்ணின் சம்பளம், நாற்காலிக்கும் ஆர்.வி.ஜி. எக்ஸ்ரேவுக்கும் கட்டும் இ.எம்.ஐ. ஆகியவை இந்த 4,400இலிருந்து போக வேண்டும். அதற்கும் முன்னால், ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க டாக்டர்’ என்று ஆயிரம் ரூபாய் இறங்கியிருக்கும்.

இந்தக் கணக்கு ஒழுங்காக முடிகிற கணக்கு. ஒழுங்காக முடியாதவையே நிறைய. முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்தவுடன் வலி போய்விடும். வலி போனதும் ஆளும் போய்விடுவார். தற்காலிக அடைப்போடு ஆறு மாதம் ஓட்டிவிட்டு, பல் உடைந்து திரும்பி வருவார். வந்து, ‘நீங்க செஞ்சதுதானே?’ என்பார். கேப் போடாமலே நின்றுவிடுகிறவர்களை எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம்.

செலவுப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்: வேரைச் சுத்தம் செய்யும் ரோட்டரி ஃபைல். நிக்கல்–டைட்டானியத்தில் செய்த, தையல் ஊசியைவிட மெல்லிய முனை கொண்ட கம்பி. வளைந்த வேருக்குள் வளைந்துகொண்டே சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் களைத்துக்கொண்டே வரும். ஒருநாள் வேருக்குள்ளேயே ஒடியும். ஒரு நோயாளியோடு தூக்கிப்போடுங்கள் என்பது பல கம்பெனிகளின் அறிவுரை. ஒரு பாக்கெட்டின் விலையைப் பார்க்கிற டாக்டர், ஆட்டோகிளேவில் போட்டெடுத்து நாலு பல்லுக்கு, ஐந்து பல்லுக்கு ஓட்டுகிறார். எத்தனையாவது பல்லில் நிறுத்துவது என்பது அறிவியல் கேள்வி மாதிரி தெரிந்தாலும், பல கிளினிக்குகளில் அதற்குப் பதில் சொல்வது மாதக் கடைசி.

விலையைச் சேர்க்கவும் முடியாது. ஃபைல், சீலர், இம்ப்ளான்ட், எக்ஸ்ரே சென்ஸார் எனப் பெரும்பகுதி இறக்குமதி. டாலர் ஏறினால் டீலரின் விலைப்பட்டியல் ஏறும். கட்டணமோ எதிர்க்கடையைப் பார்த்து நிற்கிறது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது நோயாளிக்கு நல்ல செய்தி. ஆனால் அதே காரணத்தால், கிளினிக் வாங்கும் நாற்காலிக்கும் மெட்டீரியலுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடுகிறது. அது செலவிலேயே உட்கார்ந்துவிடும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஒற்றை நாற்காலிக் கிளினிக்கும் மஞ்சள், சிவப்புப் பைகளை வைத்து, எடுத்துப்போகும் நிறுவனத்துக்கு மாதப் பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997இலேயே வந்தாலும் விதிகள் 2018இல்தான் வந்தன. அதற்கும் பதிவு உண்டு. இவை எல்லாமே வேண்டியவை, சந்தேகமில்லை. ஆனால் ஐந்து நாற்காலிக்கும் ஒரு நாற்காலிக்கும் இந்தக் காகித வேலை ஏறக்குறைய ஒன்றே. சின்னக் கடையின் தோளில்தான் அது கனம்.

2020 கொரோனா இந்தக் கணக்கை ஒரே அடியில் காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் கிளினிக் திறக்கக் கூடாது. சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டும். நீர் தெளித்துச் சுழலும் கருவி வாயிலிருந்து காற்றில் துளிகளைக் கிளப்பும் என்பதால் பல் மருத்துவத்தை எல்லோரும் பயந்து பார்த்தார்கள். வருமானம் நின்றது, வாடகையும் இ.எம்.ஐ.யும் நிற்கவில்லை. சொந்தக் கிளினிக் என்பது சொந்தக் கடனும்தான் என்று அன்றைய இன்டர்ன்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஏன் விலை ஏறாது என்பதற்குப் போட்டி மட்டும் காரணமில்லை. பணம் முழுவதும் நோயாளியின் சட்டைப்பையிலிருந்து, அதுவும் சிகிச்சை நடக்கிற அன்றைக்கே வருகிறது. நம்முடைய மருத்துவக் காப்பீட்டின் அச்சாணி ஆஸ்பத்திரியில் சேர்வது: படுக்கை வேண்டும், பெரும்பாலும் 24 மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். ரூட் கெனால் செய்துகொண்டவர் ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். விபத்தில் தாடை உடைந்தால் பாலிசி கைகொடுக்கும். தாடையில் இருக்கிற பல் சொத்தையானால் கொடுக்காது. வெளிநோயாளிச் செலவுக்கென்று தனியாக வாங்கும் பாலிசிகளில் பல்லுக்கும் கொஞ்சம் தருவதுண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனி ஊழியர்கள்.

கையிலிருந்து காசு கொடுப்பவர் வலி வந்தால்தான் கொடுப்பார். சொத்தை சின்னதாக இருக்கும்போது வலிக்காது. வலிக்கும்போது ஒரு சின்ன அடைப்பில் முடிந்திருக்க வேண்டியது ரூட் கெனாலாகியிருக்கும். ஈறு நோயும் அப்படியே. ஆட்டம் காணும் வரை சத்தம் போடாது. ‘கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போய்விடும்’ என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதில் ஒரு நியாயமான கவனிப்பு இருக்கிறது: பல வருடக் காரை பற்களை ஒன்றோடொன்று சிமென்ட் பூசினாற்போல் பிடித்துக்கொண்டிருக்கும், அதை எடுத்ததும், ஏற்கெனவே எலும்பு கரைந்துபோன பல் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டும். ஆடவைத்தது காரைதான், கிளீனிங் இல்லை. இதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் காசு கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவில் அந்த ஐந்து நிமிடத்துக்கென்றே ஒரு தொழில் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், தன்னிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமனுக்கு 1906இல் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913இல் அதற்கொரு பள்ளியே தொடங்கினார். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற வேலை பிறந்தது அப்படி. அது வளர்ந்து நிலைத்ததற்குக் காப்பீடு பெரிய காரணம். 1954இல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நிர்வாகத்திடம் பேசி வாங்கியது. இன்றைய டெல்டா டென்டல் நிறுவனங்களின் வேர் அதில் இருக்கிறது. இப்போது வழக்கத்தில் உள்ள பாலிசிகளில் வருடத்துக்கு இரண்டு கிளீனிங்குக்கு முழுப் பணம், அடைப்புக்கு 80 விழுக்காடு, கேப்புக்குப் பாதி என்பது சாதாரண ஏற்பாடு. நோயாளிக்கு கிளீனிங் இலவசம் போலத் தெரிவதால் ஆறு மாதத்துக்கொருமுறை வருகிறார். வருவதால் ஹைஜீனிஸ்டுக்கு வேலை இருக்கிறது.

அதற்காக அங்கே டாக்டர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய நெருக்கடி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பாலிசி ஒரு வருடத்தில் தரும் உச்சத் தொகை பல திட்டங்களில் இன்னும் 1,000, 1,500 டாலர். ஐம்பது ஆண்டுக்கு முன்பும் கிட்டத்தட்ட அதுவேதான். கிளீனிங்குக்கு என்ன கொடுப்பது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் தீர்மானிக்கிறது. ஹைஜீனிஸ்டின் சம்பளத்தைச் சந்தை தீர்மானிக்கிறது. கொரோனாவில் வேலையை விட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவேயில்லை. 2023இல் அந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 87,000 டாலரைத் தாண்டியது. ஆள் கிடைக்காமல் டாக்டரே காரை சுரண்டுகிற கிளினிக்குகளும் அங்கே வந்துவிட்டன. புதிதாகப் படித்து வருபவர்கள் தலையில் சராசரியாக மூன்று லட்சம் டாலர் படிப்புக் கடன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கணக்கில், 2005இல் நூற்றுக்கு 85 பல் மருத்துவர்கள் சொந்தக் கிளினிக் வைத்திருந்தார்கள். 2021இல் அது 73. மசாசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2022 நவம்பரில் ஒரு சட்டத்துக்கே வாக்களித்தார்கள்: பல் காப்பீட்டு நிறுவனம் வசூலிக்கும் பிரீமியத்தில் 83 விழுக்காட்டைச் சிகிச்சைக்குச் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆதரித்தார்கள்.

நம்மூருக்குத் திரும்பினால் காட்சி அப்படியே தலைகீழ். 1948ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்திலேயே டென்டல் ஹைஜீனிஸ்டுக்கும் டென்டல் மெக்கானிக்குக்கும் தனிப் பதிவேடு உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பும் உண்டு. ஆனால் உங்கள் ஊர்க் கிளினிக்கில் பதிவு பெற்ற ஹைஜீனிஸ்டைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்க மாட்டார். காரணம் எளிது. ஹைஜீனிஸ்டுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பி.டி.எஸ்.ஸே கிடைக்கும்போது, காரை மட்டும் எடுக்கத் தெரிந்தவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? பி.டி.எஸ். கிளீனிங்கும் செய்வார், பல்லும் எடுப்பார், ஓ.பி. சீட்டும் எழுதுவார், டாக்டர் வர லேட்டானால் நோயாளியை உட்காரவைத்துப் பேசிக்கொண்டும் இருப்பார். நாலு வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடித்தவரின் உழைப்பு மலிவாகக் கிடைப்பதால்தான், அந்தத் தொழிலில் கீழே இருக்க வேண்டிய படிகளே உருவாகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் சக்ஷன் பிடித்து நிற்கும் பெண்ணும் முறையாகப் பயிற்சி பெற்றவர் அல்ல. போன மாதம் ஜவுளிக்கடையில் இருந்திருப்பார். ஆட்டோகிளேவ் ஓட்டுவது, கருவியை அடுக்குவது எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவை. அவர் தேர்ந்துவரும் நேரத்தில் ஐநூறு ரூபாய் கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போய்விடுவார். டாக்டர் மிச்சம், தேர்ந்த உதவியாளர் பஞ்சம்: இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள்.

இந்த ஏற்பாட்டின் உச்சகட்டக் கேலி பிரிட்டனில் நடந்தது. இந்தியப் பட்டத்தோடு அங்கே போனால் டாக்டராகப் பதிவு பெறத் தனித் தேர்வு எழுத வேண்டும். அதற்கு இடம் கிடைக்கவே வருடக் கணக்கில் காத்திருப்பு. இடையில் ஹைஜீனிஸ்டாகவோ தெரபிஸ்டாகவோ பதிவு செய்துகொண்டு வேலை பார்க்கும் வழி இருந்தது. வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கு அந்த வழியை 2023 மார்ச்சில் மூடினார்கள். அதுவரை, இங்கே டாக்டர் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்குச் செய்த அதே வேலையை, அங்கே ஹைஜீனிஸ்ட் என்ற பெயரில் கௌரவமான சம்பளத்துக்குச் செய்தவர்கள் உண்டு. கடல் தாண்டாதவர்களில் ஒரு கூட்டம் சென்னையிலும் கோவையிலும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகளுக்குப் போகிறது. அமெரிக்க நோயாளிகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளைத் திரையில் பார்த்துச் சரிபண்ணும் வேலை. அமெரிக்கக் கிளினிக்கின் ஆள்பஞ்சமும் நம்முடைய ஆள்மிச்சமும் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. அரசு வேலை? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) அறிவிக்கும் உதவிப் பல் மருத்துவர் இடங்கள் எப்போதும் பத்துக் கணக்கில்தான். எழுதுகிறவர்கள் ஆயிரக் கணக்கில்.

ஊரில் இருந்து தொழில் செய்பவர்களிடையே புதிதாக ஒரு வகை உருவாகியிருக்கிறது: கன்சல்டன்ட். முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். முடித்தவர் சொந்தமாகக் கிளினிக் போடுவதற்குப் பதில், ரோட்டரி மோட்டாரையும் ஃபைல் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பத்துக் கிளினிக்குகளைச் சுற்றுகிறார். திங்கள் காலை திண்டுக்கல், மாலை ஒட்டன்சத்திரம், செவ்வாய் பழனி என்று போகும். வாடகை இல்லை, இ.எம்.ஐ. குறைவு, பெட்ரோல் செலவு மட்டும். கிளினிக் டாக்டருக்கும் லாபம்: ஆபரேஷன், கிளிப், இம்ப்ளான்ட் என்று போர்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். சின்ன ஊர்க்காரருக்குச் சிறப்பு மருத்துவம் உள்ளூரிலேயே கிடைப்பது உண்மையில் பெரிய விஷயம்; இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் பஸ் ஏறி மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். பிரச்சினை தொடங்குவது, வெள்ளிக்கிழமை வருபவர் செய்த வேலை செவ்வாய்க்கிழமை வலிக்கும்போது. நோயாளியின் கண்ணுக்கு முன்னால் இருப்பவர் கிளினிக் டாக்டர். செய்தவர் வேறு ஊரில் இன்னொரு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசி, மாத்திரை எழுதி, அடுத்த வெள்ளி வரை இழுக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கன்சல்டன்ட் ஊழியரே அல்லர். அவருக்குப் போகும் பணம் தொழில்முறைக் கட்டணம். வருமான வரிச் சட்டத்தின்படி 10 விழுக்காடு பிடித்துக் கொடுக்கும் வகை. முழு நேரமும் ஒரே இடத்தில் உட்காரும் ஜூனியருக்கும் சில இடங்களில் இதே முறைதான். அப்போது பி.எஃப். கிடையாது, விடுப்புச் சம்பளம் கிடையாது. சட்டப்படியான மகப்பேறு நலன் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டுமானால் பத்துப் பேராவது வேலை பார்க்க வேண்டும். மூன்று பேர் இருக்கும் கிளினிக் அந்தக் கணக்கிலேயே வராது. இன்று பல் மருத்துவ வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே மிகுதி. குழந்தை பிறந்ததும் ஆறு மாதம் நாற்காலியை விட்டு விலகினால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடும் தொழிலில் இது ஓரத்து விஷயமல்ல, நடுவிஷயம். பெருநகரச் சங்கிலிக் கிளினிக்குகள் மாதச் சம்பளமும் குறித்த நேரமும் தருகின்றன என்பதாலேயே பல பெண் மருத்துவர்கள் அங்கே போகிறார்கள். சங்கிலிக் கிளினிக்கைத் திட்டுகிற மூத்த டாக்டர்கள் தம்மிடம் வேலை பார்க்கும் ஜூனியருக்கு என்ன தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சங்கிலி நிறுவனங்களுக்கும் இந்தத் தொழில் லேசாக வசப்படவில்லை. திருச்சியில் தொடங்கிக் கண் மருத்துவத்தில் வேகமாகப் பரவி, பல் கிளினிக்குகளையும் திறந்த வாசன் ஹெல்த்கேரில் முதலீட்டு நிறுவனமான செக்கோயாவும் சிங்கப்பூர் அரசின் ஜி.ஐ.சி.யும் பணம் போட்டிருந்தன. 2017இல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. அமெரிக்காவில் டாக்டரை நேரில் பார்க்காமலே வீட்டுக்குப் பல்வரிசை அலைனரை அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப், 2019இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பல் மருத்துவத்தைப் பெருக்குவது கஷ்டம். ஒரு நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒரு வாய்தான். அந்த வாய்க்குள் போகிற கை ஒவ்வொரு முறையும் படித்த கையாக இருக்க வேண்டும். மருந்துக்கடைச் சங்கிலி போல மொத்த விலையில் வாங்கிச் சில்லறையில் விற்று ஜெயிக்கிற வியாபாரமல்ல இது. மொத்தமாக வாங்குவதில் மிச்சமாவது கொஞ்சம். விளம்பரத்துக்கும் வாடகைக்கும் போவது அதிகம். டாக்டர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்கிறது பல் மருத்துவக் கவுன்சிலின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அந்த நெறிமுறை எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

லேப் தொழில் மட்டும் பெருக்கத்துக்கு இடம் கொடுத்தது. முன்பு ஊருக்கு ஒரு மெக்கானிக் மெழுகிலும் பிளாஸ்டரிலும் கை கறுக்க உட்கார்ந்து கேப் வார்ப்பார். இன்று அளவெடுத்த அச்சு கூரியரில் போகிறது, அல்லது வாயை ஸ்கேன் செய்த கோப்பு இணையத்தில் போகிறது. நாட்டின் மிகப் பெரிய பல் லேப்களில் ஒன்றான டென்ட்கேர் இருக்கும் கேரளத்து மூவாற்றுப்புழை போன்ற இடங்களில் இயந்திரம் ஜிர்கோனியாவைக் கடைந்தெடுத்து அனுப்பிவிடுகிறது. தரமும் வாரண்டி கார்டும் கிடைக்கின்றன. உள்ளூர் மெக்கானிக் அந்த லேபில் வேலைக்குச் சேர்கிறார், அல்லது கழற்றி மாட்டும் பல்செட்டோடு காலத்தை ஓட்டுகிறார்.

இத்தனை நெருக்கடியும் கடைசியில் வந்து இறங்குவது சிகிச்சைத் திட்டத்தில். அடைத்தால் 800 ரூபாய். ரூட் கெனால் செய்து கேப் போட்டால் 9,000. எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தால் முப்பதாயிரத்துக்கு மேல். சொத்தை நரம்பை ஒட்டி நிற்கும் பல்லில் மூன்றில் எதையும் நியாயப்படுத்தலாம். அங்கே டாக்டர் பொய் சொல்ல வேண்டியதேயில்லை. சந்தேகம் வருகிற இடத்தில் பெரிய பக்கமாகச் சாய்ந்தால் போதும். இ.எம்.ஐ. வசதி நோயாளிக்கும் வந்துவிட்டதால் சாய்வது இன்னும் எளிது. மாத இலக்கு வைத்திருக்கும் சங்கிலியில் இது வெளிப்படையாக நடக்கிறது என்றால், தனிக் கிளினிக்கில் இ.எம்.ஐ. தேதி நெருங்கும்போது மௌனமாக நடக்கிறது. பெரும்பாலான டாக்டர்கள் நேர்மையானவர்கள் என்றே நம்புகிறேன். நேர்மையாக இருப்பதற்கு மாதாமாதம் எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படியானால் வலிக்கு முன்னால் யார் காசு கொடுப்பது? என்னிடம் உள்ள யோசனை புதியதல்ல. ஆறு, ஏழு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைப் பூசி மூடும் சீலன்ட்டுக்கு ஊசி வேண்டாம், கன்சல்டன்ட் வேண்டாம், பத்து நிமிடம் போதும், ஒரு பி.டி.எஸ். தாராளமாகச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃப்ளோரைடு பற்பசையையும் கிளாஸ் அயனமர் சிமென்ட்டையும் சில்வர் டையமின் ஃப்ளோரைடையும் சேர்த்தது. எல்லாம் மலிவானவை, சொத்தையைத் தொடக்கத்திலேயே நிறுத்துகிறவை. பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை காலியாகக் கிடக்கும் தனியார் நாற்காலிகளின் நேரத்தை அரசு குறித்த விலைக்கு வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை அனுப்பலாம். அந்த நாற்காலிகளும் அந்த இளம் டாக்டர்களும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

விலை வைப்பதில்தான் இது விளங்கும், அல்லது விளங்காமல் போகும். இங்கிலாந்து 2006இல் தன் அரசுப் பல் சிகிச்சைக்குப் புது ஒப்பந்தம் போட்டபோது, வேலையை அலகுகளாக எண்ணிப் பணம் தந்தது. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று அலகு, ஆறு பல்லை அடைத்தாலும் அதே மூன்று. விளைவு, சொத்தை மிகுந்த வாயோடு வருகிற ஏழை நோயாளி கிளினிக்குக்கு நஷ்டமானார். மூன்று பல்லோ அதற்கு மேலோ என்றால் ஐந்து அலகு என்று அவர்கள் திருத்தியது 2022 நவம்பரில். அதற்குள் அரசு நோயாளிகளைச் சேர்க்காத கிளினிக்குகள் அங்கே ஊர்தோறும் பெருகிவிட்டன.